காமன் ஆப்பின் கூடுதல் தகவல் பெட்டி: இரண்டு பிள்ளைகளுக்கு நிரப்பிய பிறகு

டாலஸ் பக்கம் இருக்கும் தோழி ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஆகஸ்ட்ல பையனுக்கு விண்ணப்பம் ஆரம்பிக்கணும். அந்தக் கூடுதல் தகவல் பகுதியில ஹோம்ஸ்கூல் கதையை எழுதணுமா, காலியா விட்டுடலாமா?" அவள் கேட்டது காமன் ஆப் பற்றி, அதாவது ஒரே விண்ணப்பத்தைப் பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்ப உதவும் தளம். என் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே படித்து அதில் விண்ணப்பித்தவர்கள். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மகள் விண்ணப்பித்த காலத்தில் இந்தப் பெட்டியில் 650 சொற்கள் வரை எழுதலாம். 2025-26 பருவத்திலிருந்து புதிதாகக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு அது 300 ஆகிவிட்டது. கோவிட் சமயத்தில் சேர்த்த கேள்வி இப்போது சவால்கள், சூழ்நிலைகள் பற்றிய கேள்வியாக மாறி, 250 சொல்லோடு தனியாக இருக்கிறது. மகன் எழுதியது இந்தப் புதிய அளவில்.

300 என்று கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு கவுன்சிலர் (மாணவருக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) கடிதம், பள்ளி பற்றிய குறிப்பு, மதிப்பெண் முறை எல்லாம் பள்ளியிலிருந்தே போய்விடும். நம் வீட்டில் பிரின்சிபாலும் அம்மா, கிளார்க்கும் அம்மா. அதுவும் டெக்சஸ். 1994-இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுக் கல்வியைத் தனியார் பள்ளிக் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அதனால் அரசிடம் பதிவும் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம். நிம்மதிதான். ஆனால் சேர்க்கை அலுவலகத்துக்குக் காட்ட ஓர் அரசுத் தாளும் கையில் இருக்காது. முன்பு எஸ்ஏடி பாடத் தேர்வுகளாவது இருந்தன. வேதியியலுக்கு அம்மா போட்ட மதிப்பெண்ணை வெளியே ஒருவர் உறுதிசெய்த மாதிரி ஆகும். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் அதையும் நிறுத்திவிட்டார்கள். இத்தனையும் விளக்க வேண்டிய பிள்ளைக்குப் போய் இடத்தைக் குறைக்கிறார்களே என்று புலம்பித் தீர்த்தேன்.

மகன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "அம்மா, நாம ஏன் வீட்ல படிச்சோம்னு சொல்றது உன் வேலை. நான் எதுக்கு எழுதணும்?" என்றான்.

அவன் சொன்னது நியாயம். ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு காமன் ஆப்பில் கவுன்சிலராகக் கணக்குத் திறப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். அங்கே டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், மதிப்பெண்களின் பட்டியல்) ஏற்றலாம், கவுன்சிலர் கடிதம் ஏற்றலாம், பள்ளிக் குறிப்பு என்று ஒரு பிடிஎஃப் ஏற்றலாம். வீட்டுக் கல்வியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள், வெளியே எங்கே படித்தார்கள் என்று அவர்களே கேட்கிறார்கள். பாட விவரம், பாடநூல் பெயர், ஆய்வக வேலை எல்லாம் அந்த பிடிஎஃபுக்குள் போகட்டும். பிள்ளையின் பெட்டியில் அட்டவணை ஒட்டினால் நிற்காது, நின்றாலும் யாரும் வாசிக்கப் போவதில்லை.

அப்புறம் பெட்டியில் என்னதான் எழுதுவது? டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கிறவருக்குப் புருவம் உயரும் இடம் எது என்று பாருங்கள், அதை மட்டும் எழுதுங்கள். எங்களுக்கு அது தமிழ். பல கல்லூரிகள் வேற்றுமொழி சில ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பள்ளிப் பருவத்திலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபி தமிழுக்குக் கிடையாது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியைப் பற்றி அம்மா எழுதினால் பெருமை பேசுவது போல இருக்கும். மகன் எழுதியது இவ்வளவுதான்: "தமிழ் எங்கள் வீட்டில் பேசும் மொழி. ஆனால் வாசிக்கவும் எழுதவும் தமிழ்ப் பள்ளியில் படித்துத்தான் கற்றேன். இப்போது அங்கே சின்ன வகுப்புக்கு உதவி ஆசிரியர். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு ழகரம் வராது, எனக்கும் ஒரு காலத்தில் வரவில்லை." அடுத்த பத்தியில் உயிரியலைப் பற்றி இரண்டு வரி. பாடத்திட்டத்தை, ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கவில்லை என்றால் பாடத்தின் பெயரில் ஏபி என்று போடக்கூடாது. அதனால் வீட்டில் படித்துத் தேர்வை மட்டும் எழுதினேன் என்று சொல்லிவிட்டான். பெட்டி பாதிகூட நிரம்பவில்லை. மகள் 650-ஐ முட்ட முட்ட நிரப்பியதைவிட இது வாசிக்க நன்றாகவே இருந்தது. ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, ஆனால் உண்மை.

யூசி எனப்படும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போடுகிறவர்கள் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு விண்ணப்பம். போடும்போது டிரான்ஸ்கிரிப்டும் கேட்பதில்லை, கவுன்சிலர் கடிதமும் கேட்பதில்லை. அம்மாவுக்கு அங்கே வேலையே இல்லை. 350 சொல் பதில்கள் நான்கு போக, கூடுதல் கருத்துக்கு 550 சொல் தருகிறார்கள். வீட்டில் எப்படிப் படித்தோம் என்பதைப் பிள்ளையே அங்கே சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு பாராட்டிவிட்டேன், இனி எரிச்சல். எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் வைத்து அனுப்பினோம் அல்லவா? ஜனவரியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல்: பாட விவரங்களைத் தனியாக அனுப்பவும். ஏற்கெனவே ஏற்றிய அதே பிடிஎஃப்! இன்னொன்றின் தளத்தில் ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கென்றே ஒரு படிவம், அதிலும் அதே கேள்விகள், பதில் நீளம் மட்டும் வேறு. கல்யாண வீட்டில் ஒரே மொய்யை மூன்று நோட்டில் எழுதச் சொன்னது போல இருந்தது. வாசிக்கிறவர்களுக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும், புரிகிறது. ஆனால் திரும்பக் கேட்பது எப்போதும் நம்மிடம்தானே?

ஆகவே தோழிக்குப் பதில்: காலியாக விடாதே, முட்ட முட்ட நிரப்பவும் செய்யாதே. பையனையே எழுதவிடு, நீ கை வைக்காதே. உன் பக்கத்து பிடிஎஃபை இந்தக் கோடையிலேயே முடித்துவிடு. பெட்டி நல்ல பெட்டிதான், 300 சொல்லே தாராளம். இவ்வளவு சொன்னாலும், எனக்கு மூன்றாவதாக ஒரு பிள்ளை இருந்திருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.