ஐஇஎல்டிஎஸ், பிடிஇ, டோஃபல்: மொத்த மதிப்பெண்ணைவிட எழுத்துத் தாளைப் பாருங்கள்

பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது, ஆங்கிலத் தகுதியாக என்னிடம் கேட்கப்பட்டது ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 7.0, அதோடு எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. பத்தாண்டுகளாகச் சிங்கப்பூரில் பொறியாளராக இருக்கிறேன். காலையில் பெருவிரைவு ரயிலில் திறக்கும் மின்னஞ்சல் தொடங்கி மாலையில் அனுப்பும் பணியிட அறிக்கை வரை எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதால், இந்தத் தேர்வைப் பெயரளவிலான ஒரு சடங்காகவே நினைத்திருந்தேன். முடிவு வந்தது: கேட்டல் 8.5, வாசித்தல் 8.0, பேசுதல் 7.0, எழுதுதல் 6.0. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 7.375 வரும், அதை அருகிலுள்ள அரைப் புள்ளிக்குக் கொண்டுபோனால் 7.5. கேட்டதைவிட அரைப் புள்ளி கூடுதலாகவே மொத்தத்தில் வாங்கியிருந்தும் விண்ணப்பம் நின்றுபோனது. எழுத்தில் குறைந்த அந்த அரைப் புள்ளிக்கு வேறெதுவும் ஈடாகவில்லை.

மறுபடியும் தேர்வெழுத வேண்டும் என்றானதும், இதே தேர்வா, வேறு தேர்வா என்ற கேள்வி எழுந்தது. இரண்டு மாதம் ஐஇஎல்டிஎஸ், பிடிஇ, டோஃபல் என்ற மூன்று ஆங்கிலத் தேர்வுகளையும் வைத்து அலசிவிட்டு ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கே திரும்பினேன். இந்த ஒப்பீடு அந்த அனுபவத்தில் எழுதப்படுவது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: சிலருக்கு இந்தத் தேர்வே தேவைப்படாது. இங்கேயே படித்த பிள்ளைகளிடம் ஓ-லெவல் எனப்படும் சாதாரண நிலைத் தேர்வின் ஆங்கில மதிப்பெண் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரிக்குப் போனவர்கள் பொதுத்தாள் என்ற ஆங்கிலக் கட்டுரைத் தாளும் எழுதியிருப்பார்கள். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு இவையே அடிப்படை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவும் ஓ-லெவல் ஆங்கிலத்தைக் குறிப்பிட்ட தரத்துக்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் பிரிட்டிஷ் அரசு தன் விசா விதிகளில் வைத்திருக்கும் ‘பெரும்பான்மையாக ஆங்கிலம் பேசும் நாடுகள்’ பட்டியலில் சிங்கப்பூரும் இல்லை, இந்தியாவும் இல்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஆங்கிலத்தையே நிர்வாக மொழியாகக் கொண்ட ஊரில் வாழ்கிறோம் என்பதை வைத்து விலக்கு கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். என்னைப் போலத் தமிழ்நாட்டில் பட்டம் பெற்றுவிட்டு இங்கு வந்தவர்களிடம் ‘பயிற்றுமொழி ஆங்கிலம்’ என்று கல்லூரி கொடுத்த சான்றிதழ் இருக்கும். சில பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கும், சில ஏற்காது, ஒரே பல்கலைக்கழகத்திலேயே துறைக்குத் துறை மாறும். நான் விண்ணப்பித்த துறை ஏற்கவில்லை.

மூன்று தேர்வுகளுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்றும் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கையும் சோதிக்கின்றன. மூன்றின் முடிவும் இரண்டாண்டுக்கே செல்லும். கட்டணம் சில நூறு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). வேறுபாடு முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை. கணினியில் எழுதினால் எதிலும் சில நாள்களில் முடிவு வந்துவிடும். பிடிஇ பெரும்பாலும் இரண்டு நாளிலேயே அனுப்பிவிடுகிறது. கடைசித் தேதி நெருங்கிவிட்டவர்களுக்கு அந்த ஒன்றே பிடிஇ பக்கம் போகப் போதுமான காரணம். வீட்டிலிருந்தே எழுதும் டுவோலிங்கோ தேர்வு மலிவானது. ஆனால் என் பட்டியலில் இருந்த பல்கலைக்கழகங்களில் பாதி அதை ஏற்கவில்லை என்பதால் அதற்குள் நான் போகவே இல்லை.

இனி முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். எந்தத் தேர்வு எளிது என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. நம்முடைய மிகப் பலவீனமான பிரிவில் மதிப்பெண் எப்படி உருவாகிறது, குறைந்தால் ஏன் குறைந்தது என்று நம்மால் கண்டுபிடிக்க முடியுமா, கண்டுபிடித்ததைச் சில வாரங்களில் திருத்த முடியுமா என்ற மூன்றையும்தான் கேட்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் பலருக்கும் அந்தப் பலவீனமான பிரிவு எழுதுதலாகவே இருக்கக் கண்டிருக்கிறேன். வேலையில் நாம் எழுதுவது பெரும்பாலும் புள்ளி புள்ளியாகப் பிரித்த குறிப்புகள். ஒரு கருத்தை எடுத்து நான்கு பத்திகளில் வளர்த்துக்கொண்டுபோகும் வாய்ப்பு அதில் கிடைப்பதில்லை.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தாள் ஒரு மணி நேரம். முதல் பணியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாவதில் ஒரு கேள்விக்குக் குறைந்தது 250 சொற்களில் கட்டுரை. இரண்டாவதற்கு மதிப்பு இரண்டு மடங்கு. பணியை நிறைவேற்றிய விதம், கருத்தின் கோவையும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம பங்கு. எந்த அளவுகோலில் எப்படி எழுதினால் 5, எப்படி எழுதினால் 6, 7 என்ற விவரணை அட்டவணை பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டுள்ளது, யாரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். முதல் முறை எழுதப் போகும் முன் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் 6.0க்கு முழுப் பொறுப்பு அதுதான்.

எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில், தொடக்கக் கல்லூரியில் பல ஆண்டு பொதுத்தாள் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நான் வீட்டில் எழுதிப் பார்த்த ஒரு கட்டுரையை அவரிடம் கொண்டுபோனேன். அவர் இலக்கணப் பிழை எதையும் தொடவில்லை. பென்சிலை எடுத்து ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘ஹென்ஸ்’ என்று பத்தித் தொடக்கங்களில் நான் வைத்திருந்த இணைப்புச் சொற்களை மட்டும் வட்டமிட்டார். ஒரே பக்கத்தில் ஏழு வட்டங்கள். “தம்பி, இந்த ஏழையும் எடுத்துவிட்டுப் படிச்சுப் பாருங்க. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தம் இருக்கான்னு நீங்களே சொல்லுங்க,” என்றார். படித்தேன், சம்பந்தம் இல்லை. தனித்தனியாக நின்ற நான்கு கருத்துகளை அந்தச் சொற்கள் கயிறு போட்டுக் கட்டியிருந்தன, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து விவரணை அட்டவணையைத் திறந்தால், 6ஆம் நிலையில் இதே குறைதான் எழுதியிருந்தது: இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்று. முதல் பணியிலும் அப்படித்தான். ஒவ்வோர் ஆண்டின் எண்ணையும் வரிசையாக எழுதியிருந்தேனே தவிர, மொத்தத்தில் இந்தக் கோடு ஏறுகிறது, அது இறங்குகிறது என்று ஒட்டுமொத்தப் பார்வையைச் சொல்லும் ஒரு வாக்கியம் என் பயிற்சித் தாள் எதிலும் இல்லை. அந்த ஒட்டுமொத்தப் பார்வை தெளிவாக இல்லாமல் 7க்குப் போக முடியாது என்பதும் அட்டவணையிலேயே இருக்கிறது.

மதிப்பெண் சான்றிதழ் இதையெல்லாம் பிரித்துக் காட்டாது, எழுதுதல் 6.0 என்ற ஒற்றை எண்தான் வரும். ஆனாலும் அளவுகோல் வெளிப்படையாக இருப்பதால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் உதவினால் காரணத்தை நாமே கண்டுபிடித்துவிடலாம். ஆறு வாரம், வேலை முடிந்து உட்லண்ட்ஸ் நூலகத்தில் அமர்ந்து வாரத்துக்கு மூன்று கட்டுரை எழுதினேன். எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம், ஒவ்வொரு பத்தியும் எதை நிறுவப்போகிறது என்று தமிழிலேயே குறித்துக்கொண்டேன். வாதத்தை முதலில் தமிழில் நிறுத்திப் பார்ப்பது எனக்குப் பெரிதும் உதவியது. தமிழில் நிற்காத வாதம் ஆங்கிலத்தில் எந்த அலங்காரத்தாலும் நிற்காது.

பிடிஇ தேர்வின் எழுத்து மதிப்பெண் உருவாகும் விதமே வேறு. அங்கே எழுதுதல் என்பது கட்டுரை மட்டும் இல்லை. ஒரு பத்தியை ஒரே வாக்கியத்தில் சுருக்குவது, கேட்ட உரையைச் சுருக்கி எழுதுவது, காதில் விழும் வாக்கியத்தை அப்படியே எழுதுவது ஆகியவையும் எழுத்து மதிப்பெண்ணுக்குள் வருகின்றன. கேட்டதை எழுதும் பணி கேட்டல், எழுதுதல் என இரண்டுக்கும் மதிப்பெண் தரும். ஆக, கேட்டலில் 8.5 வாங்கும் காதும் பிழையில்லாத எழுத்துக்கூட்டலும் இருந்தால், கட்டுரையில் தடுமாறுபவரும் எழுத்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். இது பிடிஇ தேர்வின் உண்மையான பலம். நேர்மையாகச் சொன்னால், மதிப்பெண் மட்டுமே குறிக்கோள் என்றால் எனக்கு அதுவே சுலபமான வழியாக இருந்திருக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போன என் அக்கா மகன் அந்த வழியில்தான் போனான். “மாமா, கட்டுரைக்குப் பயந்துட்டு நிக்காதீங்க, டிக்டேஷனை விடாம பழகுங்க” என்று அவன் தொலைபேசியில் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது.

நான் அவன் சொன்னதைக் கேட்காததற்குக் காரணம், ஓராண்டுப் படிப்பின் முடிவில் எழுத வேண்டிய ஆய்வேடு. வாதத்தை வளர்த்து எழுதத் தெரியாமல் போய்ச் சேர்ந்தால், நுழைவில் தவிர்த்த அதே இடத்தில் அங்கே போய் மாட்டிக்கொள்வேன் என்று பட்டது. மேலும் பிடிஇ பெரும்பாலும் கணினியால் திருத்தப்படுவது. மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்தேன். எழுத்தில் வந்த எண் எனக்குக் குறைவாகத் தெரிந்தது, ஆனால் எந்த வாக்கியத்தில் இழந்தேன் என்று என்னால் பிடிக்க முடியவில்லை. ஒரு மாதிரித் தேர்வை வைத்து முழுத் தேர்வையும் எடைபோடக் கூடாது என்பதால், இதை என் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேசுதலிலும் வேறுபாடு பெரிது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பதினொன்று முதல் பதினான்கு நிமிடம் வரை ஒரு தேர்வாளரோடு நேரில் பேச வேண்டும். நடுவில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேசச் சொல்வார்கள். முதல் முறை நான் ஒரு சொல் கிடைக்காமல் நின்றபோது எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். வாக்கியத்தை வேறு பக்கமாகத் திருப்பி முடிக்க எனக்கு நேரம் கிடைத்தது. பிடிஇ தேர்வில் ஒலிவாங்கியிடம்தான் பேச வேண்டும். மூன்று விநாடி மௌனமானால் பதிவு நின்றுவிடும். அதே அறையில் பக்கத்து இருக்கைகளில் இருப்பவர்களும் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆள்முகம் பார்த்தால் நா எழாதவர்களுக்கு இயந்திரமே நிம்மதி, எனக்கு நேர்மாறு.

டோஃபல் பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தள்ளி வைத்தே வாசியுங்கள். நான் அந்தத் தேர்வை எழுதியதில்லை, அமெரிக்காவுக்கு விண்ணப்பித்த சக ஊழியரின் பயிற்சித் தாள்களைப் பார்த்தவன் மட்டுமே. 2026 ஜனவரியில் அது பெரிதும் மாறிவிட்டது. நெடுங்காலமாக இருந்த 120 மதிப்பெண் அளவுக்குப் பதில் 1 முதல் 6 வரையிலான அளவு வந்திருக்கிறது. எழுத்தில் வாக்கியம் அமைத்தல், மின்னஞ்சல் எழுதுதல், வகுப்பறைக் கலந்துரையாடலுக்குப் பதில் எழுதுதல் என்று சிறு சிறு பணிகள் வந்துவிட்டன. நீண்ட கட்டுரையில் தடுமாறுபவர்களுக்கு இது பிடிக்கலாம். அதன் சிறப்பு ஒன்றும் உண்டு: இரண்டாண்டுக்குள் பல முறை எழுதியிருந்தால், ஒவ்வொரு பிரிவிலும் வாங்கிய மிக உயர்ந்த மதிப்பெண்களைச் சேர்த்தும் சான்றிதழில் காட்டுவார்கள். என்னைப் போல ஒரே பிரிவில் தடுக்கி விழுந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்தான்; ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அந்தச் சேர்ப்பை ஏற்பதில்லை.

ஐஇஎல்டிஎஸ் தேர்விலும் இதற்கு இணையான வசதி வந்திருக்கிறது. கணினியில் எழுதியவர்கள், முதல் தேர்விலிருந்து அறுபது நாளுக்குள், நான்கில் ஒரு பிரிவை மட்டும் ஒரு முறை மறுபடி எழுதலாம். கேள்விப்பட்டதும் எனக்காகவே கொண்டுவந்தது போலத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒரே அமர்வில் எழுதிய நான்கு பிரிவுகளையே ஏற்போம் என்று பதில் வந்தது. அவர்களுடைய நுழைவுப் பக்கத்தில் அந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை; மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிராவிட்டால், பணத்தையும் கட்டி, அந்த அறுபது நாளையும் இழந்திருப்பேன். இந்த வசதியை நம்பித் தேர்வைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாங்கள் சேரப்போகும் துறையிடம் முதலில் எழுத்துமூலம் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே முழுத் தேர்வையும் மறுபடி எழுதினேன், முந்நூறு வெள்ளிக்கு மேல் இன்னொரு முறை கட்டி. கணினியில் எழுதியதில் ஒரு சிறு நன்மை: சொல் எண்ணிக்கை திரையின் அடியிலேயே தெரிந்தது, பத்திகளை முன்பின்னாக நகர்த்தவும் முடிந்தது. இந்த முறை முதல் பணியை இருபது நிமிடத்தில் நிறுத்தினேன். ஒட்டுமொத்தப் பார்வையை இரண்டாம் வாக்கியத்திலேயே வைத்தேன். கட்டுரையில் ‘மோரோவர்’ ஒன்றுகூட இல்லை. கேட்டல் 8.0, வாசித்தல் 8.0, பேசுதல் 7.5, எழுதுதல் 6.5. மொத்தம் பழைய அதே 7.5தான். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் அந்த வாரமே வந்தது. அதை எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்குத்தான் முதலில் போனேன்.