வாழ்ந்ததும் சேர்த்ததும்: த்ரூஃபோவும் லூயி மாலும்

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர்கள் பிரான்சுவா த்ரூஃபோவும் லூயி மாலும் 1932இல் பிறந்த சம வயதினர். இருவரும் தங்கள் விடலைப் பருவத்தையே படமாக்கினார்கள். த்ரூஃபோவின் ‘தி 400 புளோஸ்’ 1959இல் வந்தது, மாலின் ‘மர்மர் ஆஃப் தி ஹார்ட்’ 1971இல். இரண்டில் எது மேல் என்று கேட்டால் தயங்காமல் த்ரூஃபோ என்பேன். ஆனால், கடற்கரையில் சிறுவனின் முகம் அப்படியே உறைந்துவிடும் அந்தப் புகழ்பெற்ற முடிவுக்காக அதைச் சொல்லவில்லை. சொந்தக் கதையைச் சொல்லும்போது நடக்காத ஒன்றை எங்கே சேர்த்தார்கள், எங்கே மாற்றினார்கள் என்று பார்த்தால் இருவரும் பிரியும் இடம் தெரிகிறது.

த்ரூஃபோ சிறுவயதில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அப்பாவை ஜெர்மானியர்கள் பிடித்துப் போய்விட்டார்கள் என்று ஆசிரியரிடம் புளுகியவர். ‘தி 400 புளோஸ்’ படத்தின் சிறுவன் அந்துவான் சொல்லும் பொய் வேறு: அம்மா இறந்துவிட்டாள். கடுகடுப்பான ஆசிரியரின் குரல் உடனே இளகிவிடுகிறது. சற்று நேரத்தில் பெற்றோர் பள்ளிக்கே வந்து நிற்க, மாற்றாந்தந்தை வகுப்பு முழுவதும் பார்க்க அவன் கன்னத்தில் அறைகிறார். அப்பாவைப் பற்றிய பொய்யை அம்மாவின் பக்கம் திருப்பிய இந்தச் சிறிய மாற்றம்தான் படத்தின் உயிர். பிறகு சீர்திருத்தப் பள்ளியில் மனநல நிபுணர் கேள்வி கேட்கிறார். அவருடைய குரல் மட்டுமே கேட்கிறது, முகம் கடைசிவரை வருவதில்லை. அம்மா தன்னைக் கருவிலேயே கலைத்துவிட நினைத்ததையும், பாட்டியால்தான் தான் பிழைத்ததையும் அந்துவான் மேசைமேல் கைகளை அலையவிட்டபடி சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். ழான்-பியர் லியோ என்ற அந்தப் பையன் பதில்களைப் பெரும்பாலும் தன் சொந்த வார்த்தைகளிலேயே சொன்னான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

மாலின் ‘மர்மர்’ படத்துச் சிறுவன் லொரானுக்கு எதிலும் குறைவில்லை. அந்துவான் குறுகலான பாரிஸ் வீட்டில் வழியோரமாகப் படுத்துக் குப்பை கொட்டப் போகிறவன். லொரான் தீஜோன் நகரத்து மகப்பேறு மருத்துவரின் கடைக்குட்டி. அது 1954. வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டிலோ இரண்டு அண்ணன்களின் கூத்து. லொரானுக்கு ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் சாக்சபோன் போதும், அந்த இசைத்தட்டைக் கடையிலிருந்து திருடவும் தயங்கமாட்டான். முதல் பாதியின் இந்தத் துள்ளலும், ஒரு பணக்காரக் குடும்பத்தை உள்ளிருந்து பார்க்கும் நுட்பமும் த்ரூஃபோவிடம் கிடையாது. சர்க்கரை ஆலைக் குடும்பத்தில் பிறந்த மாலுக்கு அந்த வீடு அத்துப்படி.

சாரணர் முகாமில் காய்ச்சல் கண்டு, இதயத்தில் முணுமுணுப்பு (துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் ஒலி) என்று கண்டறியப்பட்டு, லொரான் அம்மாவோடு நீரூற்றுச் சிகிச்சை நகரத்துக்குப் போகிறான். இருவருக்கும் ஒரே அறைதான் கிடைக்கிறது. இதுவரை வருவது மாலின் சொந்த வாழ்க்கை. பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14 கொண்டாட்ட இரவில் தாய்க்கும் மகனுக்கும் இடையே எல்லை மீறப்படுவது அவர் சேர்த்தது. லியா மஸாரி நடித்த அந்தத் தாய், இது மறுபடி நிகழாது, இதற்காக வருந்தவும் வேண்டாம் என்று மகனிடம் சொல்கிறாள். கடைசியில் அப்பா, அண்ணன்கள் எல்லோரும் சேர்ந்து சிரிப்பதோடு படம் முடிகிறது.

பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையிடம் பெரியவர் ஒருவர் செய்த தவற்றை இத்தனை லேசாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அதைப் படமாக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு சிறுவனுக்குள் என்ன நடந்தது என்று கேட்காமலே படம் அவனைச் சிரிக்க வைத்துவிடுகிறது. இதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் மால் இந்தியா முழுக்கச் சுற்றி ‘ஃபேண்டம் இந்தியா’ என்ற நீண்ட ஆவணப்படத் தொடரை எடுத்திருந்தார். அதில் சென்னைக்கென்றே ஒரு பகுதி உண்டு, கலாக்ஷேத்ராவின் நடன வகுப்பும் அதில் வருகிறது. தீர்ப்பு எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பது அங்கே அவருக்குப் பெரிய பலம். இங்கே அதே பழக்கம் பார்க்க வேண்டியதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள உதவியிருக்கிறது.

லூயி மாலை இந்த ஒரு படத்தோடு விட்டுவிட வேண்டாம். 1987இல் அவர் ‘ஓ ரெவ்வா லே சான்ஃபான்’ எடுத்தார். 1944 ஜனவரியில் அவர் படித்த கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் ஒளிந்திருந்த யூத மாணவர்களை நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்துப்போன கதை. ‘மர்மர்’ பார்த்தவர்கள் அடுத்து இதைப் பார்க்க வேண்டும், ஒரே வாரத்தில் பார்த்தால் இன்னும் நல்லது. இதிலும் அவர் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். ஜெர்மானிய அதிகாரி வகுப்பறைக்குள் வந்து யூதப் பையன் எவன் என்று கேட்கும்போது, படத்தின் நாயகச் சிறுவன் ஜூலியன் தன்னையறியாமல் ஒரு கணம் நண்பன் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறான். அதிகாரி அந்தப் பார்வை போன திசையில் நடந்து வருகிறார்.