கொடைக்கானலில் குழுவாகத் தங்க அறை பதிவு செய்வோர் கவனத்திற்கு

மதுரையில் மாதம் ஒருமுறை கூடிச் சங்கப் பாடல்களை வாசிக்கும் 14 பேர் கொண்ட வட்டம் எங்களுடையது. பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், இருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள். குறிஞ்சித் திணைப் பாடல்களை மலையிலேயே உட்கார்ந்து படித்தால் என்ன என்று ஒருவர் கேட்கப்போய், 2025 ஜனவரி 24, 25 ஆகிய இரு இரவுகள் கொடைக்கானலில் தங்குவது என்று முடிவானது. ஏற்பாட்டுப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஆகவே கீழே வரும் தவறுகளில் பாதி என்னுடையவை.

எங்களுக்குத் தேவைப்பட்டது அறைகளைவிட ஒரு கூடம்தான். 14 பேர் வட்டமாக உட்கார்ந்து, குளிர் தாக்காமல், வெளிச் சத்தம் இல்லாமல் நான்கைந்து மணி நேரம் படிக்க ஓர் இடம் வேண்டும். இணையத்தில் நான் கண்ட விடுதியின் படங்களில் அப்படியொரு கூடம் இருந்தது. மரத்தரை, பெரிய சன்னல்கள், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கீழே ஏரி. தொலைபேசியில் பேசிய மேலாளர், "ஹால் உங்களுக்கு ஃப்ரீ சார், ரெண்டு நாளும் நீங்களே வெச்சுக்கலாம்" என்றார். ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான் என்றும் சொன்னார். 7 அறைகள், இரண்டு இரவுகள், அறைக்கு 3,200 ரூபாய் வீதம் 44,800, சாப்பாட்டிற்கு 19,600, ஆக 64,400 ரூபாய். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். பில் வேண்டாம் என்றால் அறை வாடகைக்கு அன்றிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை அதன் மேல் சேர்க்காமல் விட்டுவிடுவதாக அவர் சொன்னார். 5,376 ரூபாய் மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டுச் சம்மதித்தேன். விடுதியின் பெயரில் இல்லாமல் யாரோ ஒரு தனி நபரின் பெயரில் இருந்த யுபிஐ எண்ணுக்கு 32,200 ரூபாய் அனுப்பினேன். அறைகளின் எண்ணிக்கையும் தொகையும் வாட்ஸப்பில் எழுத்தாக வந்தன. கூடத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. எதற்காகப் போகிறோமோ அது மட்டும் எழுத்தில் இல்லாத ஒரு பதிவை நான் செய்து முடித்திருந்தேன்.

கொடைக்கானலுக்குள் வண்டி நுழையத் தேவையான இ-பாஸை எடுத்துக்கொண்டு வேனில் வத்தலக்குண்டு வழியாக ஏறினோம். பெருமாள்மலையைத் தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச் சாவடியில் பாஸைக் காட்டிவிட்டு ஊருக்குள் போய், ஏரிக்கரையில் நின்று மேலாளரை அழைத்தபோது, "அப்படியே திரும்பிப் பெருமாள்மலைக்கு வந்துருங்க சார்" என்றார். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி வந்த வழியே இறங்கி, பழனி செல்லும் சாலையில் திரும்பி, ஒரு தேநீர்க் கடை அருகே நின்றோம். அதற்கு மேல் வேன் போகாது, இரண்டு கிலோமீட்டருக்கு ஜீப் பிடிக்க வேண்டும், ஒரு நடைக்கு 600 ரூபாய் என்றார்கள். மூட்டை முடிச்சுகளோடு மூன்று நடை ஆயிற்று. வரைபடத்தில் அவர்கள் குத்தியிருந்த புள்ளி ஏரிக்கரையில் இருந்த வேறொரு கட்டடத்தினுடையது. புறப்படுவதற்கு முன்பே, விடுதியில் நிற்கும் ஊழியர் ஒருவரிடம் அவர் இருக்கும் இடத்தை நேரலையாகப் பகிரச் சொல்லியிருந்தால் இந்தக் குட்டு அன்றே உடைந்திருக்கும்.

அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் மீதி 32,200 ரூபாயையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்று நடை ஜீப்பில் ஏறி வந்த களைப்பில், இருட்டும் நேரத்தில், வயதானவர்களை நிற்கவைத்து வாக்குவாதம் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அவர்களும் அதை நம்பித்தான் அந்த நேரத்தில் கேட்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஏழு அறைகளில் இரண்டு, அறுபது படிக்கட்டுகளுக்குக் கீழே இருந்தன. வெந்நீர் சூரிய வெப்பத்தில் வருவது. மூட்டம் போட்டிருந்த ஜனவரி மாலையில் அது வரவில்லை, வாளி வெந்நீர் 50 ரூபாய். அறை ஹீட்டருக்கு இரவொன்றுக்கு 500, கூடுதல் கம்பளிக்கு 100. இவையெல்லாம் எரிச்சல் தருபவை, ஆனால் மலை ஊர்களில் புதிதல்ல. இவற்றுக்காக நான் பதிவெழுத மாட்டேன்.

கூடம் எங்கே என்று கேட்டோம். அது வேறொரு நிறுவனக் குழுவிற்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, நாற்பது பேர் வந்திருக்கிறார்கள், நீங்கள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார் மேலாளர். நீண்ட வார இறுதிகளில் ஒரே கூடத்தை இரண்டு குழுக்களுக்கும் வாயால் ஒப்புக்கொண்டு, அதிக அறை எடுப்பவருக்குக் கடைசியில் கொடுப்பது அங்கே வழக்கம் என்று ஜீப் ஓட்டியவர் மறுநாள் எங்களிடம் சொன்னார். அதே நாளில் வேறு யார் தங்குகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இரவு உணவு எட்டு மணிக்கு என்று சொல்லப்பட்டிருந்தது. அந்த நேரத்தை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்ட எங்கள் நண்பருக்கு ஒன்பது மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறியது. பையில் கிடந்த கடலை மிட்டாயையும், சமையலறையில் கேட்டு வாங்கிய சர்க்கரைத் தண்ணீரையும் கொடுத்து அவரைத் தேற்றினோம். சமையலறையில் அடுப்பே எரியவில்லை. வீட்டுச் சமையல் என்று சொல்லப்பட்ட உணவு பெருமாள்மலைக் கடை ஒன்றிலிருந்து ஜீப்பில், ஆறிப்போய், பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. அன்று நடந்தவற்றில் என்னால் மன்னிக்க முடியாதது இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு முற்றத்தில் தீ மூட்டி ஒலிபெருக்கி வைத்தார்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மேலாளரிடம் சொன்னதற்குச் சிரித்தார். எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற வருவாய்த் துறை அம்மா ஒருவர் காவல் கட்டுப்பாட்டு அறையின் 100 எண்ணை அழைத்துப் பேசினார். இருபது நிமிடத்தில் சத்தம் அடங்கியது. அந்த அழைப்பு மட்டும்தான் அன்றைக்கு எங்களுக்குப் பலன் தந்தது.

மறுநாள் காலை கிளம்பிவிட்டோம். இரண்டாம் இரவுக்கான பணத்தைக் கேட்டபோது, ரசீது என்ற பெயரில் தந்த துண்டுச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பணம் திருப்பித் தரப்படாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. திரும்பும் முன் பிரையண்ட் பூங்காவின் புல்வெளியில் வெயிலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் படித்தோம். உண்மையைச் சொன்னால் அது நன்றாகவே இருந்தது.

ஊர் வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் மீது புகார் என்பது. பெயர்ப் பலகையில் ஒரு பெயர், யுபிஐயில் ஒரு தனி நபர், துண்டுச் சீட்டில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. நான் மிச்சப்படுத்தியதாக நினைத்த 5,376 ரூபாய், எதிராளியின் சட்டப்பூர்வப் பெயரை நானே அழித்துக்கொள்வதற்குக் கொடுத்த விலை என்பது அப்போதுதான் விளங்கியது. விடுதிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பிய வழக்கறிஞர் அறிவிப்பு, அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்தது.

இருந்தாலும் விடவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடைக்கானல் இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. பில் இல்லாவிட்டாலும் வாட்ஸப் உரையாடலும் யுபிஐ பரிமாற்றப் பதிவும் இருப்பதால், பணம் பெற்ற அந்தத் தனி நபரை எதிர்மனுதாரராகச் சேர்த்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தயாரித்தோம்.

விடுதியின் பெயரை நான் இங்கே எழுதாததற்கு வழக்கு மட்டும் காரணம் இல்லை. எழுதினாலும் உங்களுக்குப் பயன்படாது. அந்தப் பெயரில் இப்போது அது இணையத்தில் இல்லை. வேறு பெயரில், அதே கூடத்தின் படத்தோடும் அதே ஏரிப் படத்தோடும் மறுபடியும் வந்திருக்கிறது. மொட்டை மாடியில் நீல நிறக் கைப்பிடிக் கம்பி, அதன் மேல் ஒரு வெள்ளைத் தேநீர்க் கோப்பை, பின்னால் ஏரி. அந்த விடுதியின் மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது, பழனி செல்லும் சாலையின் வளைவு ஒன்றுதான் தெரியும்.