பழைய பில் கோப்புகளும் நோட்பேட் பிளஸ் பிளஸும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பழைய பில்களை எக்செலுக்கு மாற்றித் தரும் வேலை சென்ற மாதம் என்னிடம் வந்தது. அங்கிருந்த டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அனுப்பிய உரையை அப்படியே கோப்பாகச் சேமித்திருந்ததால், ஒவ்வொரு பில்லிலும் பிரிண்டருக்கான கட்டுப்பாட்டுக் குறிகளும் (அச்சாகாமல், பிரிண்டருக்குக் கட்டளை மட்டும் இடும் குறிகள்) கலந்து கிடந்தன. அவற்றைக் களைய நான் பயன்படுத்திய நோட்பேட் பிளஸ் பிளஸ் பற்றியதே இம்மதிப்புரை.

2003 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் இந்த எடிட்டர் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் கறுப்புக் கட்டத்துக்குள் 'இஎஸ்சி', 'எஃப்எஃப்', 'எஸ்ஐ' என்று பெயரிட்டுக் காட்டுவதே இதன் பெரிய பலம். கடைப்பெயருக்கு முன்னால் 'இஎஸ்சி' கட்டமும் அதையொட்டி ஆங்கில 'ஈ' எழுத்தும் நிற்பதைப் பார்த்த பிறகுதான், எப்சன் வகை பிரிண்டர்களில் தடித்த எழுத்தைத் தொடங்கிவைக்கும் கட்டளை அது என்று எனக்கு விளங்கியது. குறியை மட்டும் நீக்கினால் அந்த 'ஈ' கடைப்பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளை அவற்றின் அமைப்பைச் சொல்லித் தேடும்) முறையில் 'இஎஸ்சி'யையும் அதன்பின் வரும் 'ஈ' அல்லது தடிப்பை முடித்துவைக்கும் 'எஃப்' எழுத்தையும் ஜோடியாக முதலில் நீக்கிவிட்டு, தனித்து நிற்கும் குறிகளை அதன் பிறகே தொட வேண்டும்.

அந்த இரண்டாம் கட்டத்தில் நான் சோம்பல்பட்டேன். கட்டுப்பாட்டுக் குறிகள் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் பிடிக்கும் 'சிஎன்டிஆர்எல்' வகுப்பைப் போட்டு மொத்தமாக நீக்கியதும், ஓராண்டு பில்கள் அத்தனையும் ஒரே வரியாகிவிட்டன. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரையும் 127உம் கட்டுப்பாட்டுக் குறிகள் என்பதால், 9ஆம் எண்ணுடைய டேபும், வரியை முறிக்கும் 10உம் 13உம் அந்த வகுப்பில் அடங்கும் என்பதை நான் மறந்திருந்தேன். கன்ட்ரோல் இசட் காப்பாற்றியது. பிறகு இம்மூன்றையும் விட்டுவிட்டு மற்ற எண்களை மட்டும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, மாற்றும் முன் 'கவுன்ட்' பொத்தானை அழுத்தி எத்தனை சிக்குகின்றன என்று பார்த்துக்கொண்டேன்.

எண்களை எழுதுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பிரிண்டர் கையேட்டில் தாளைத் தள்ளும் குறி 12 என்றிருக்கும். ஆனால் தேடல் பெட்டியில் எக்ஸ் எழுத்துக்குப் பின் வருவது பதினாறடிமான எண் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டது) என்பதால், 12 என்று தட்டினால் அது 18ஆம் குறியையே தேடும். தாளைத் தள்ளும் குறிக்கு 0சி என்று தர வேண்டும்.

தமிழ் கலந்த கோப்பானால் என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று இருப்பதை முதலில் உறுதி செய்வது நல்லது. 'அ' என்ற எழுத்து மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அதன் கடைசி பைட், பதினாறடிமானத்தில், 85. ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காணும் ஆன்சி முறையில் கோப்பு திறந்திருக்கும்போது, 80 முதல் 9எஃப் வரையுள்ளவையும் கட்டுப்பாட்டுக் குறிகள்தாமே என்று நீக்கினால் 'அ' சிதைந்துபோகும்.

குறை என்று சொன்னால், பல கோப்புகளில் ஒரே நேரத்தில் மாற்றும் வசதி, திருத்தத்தை நேரடியாக வட்டில் எழுதிவிடுகிறது. அங்கே கன்ட்ரோல் இசட் உதவாது. மீதி ஆண்டுகளின் பில்களை அவ்வழியில் மாற்றுவதற்கு முன், ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டேன்.