செம்பும் வைரமும்: தனியார் மூலதனத்தை ஜாம்பியாவும் போட்ஸ்வானாவும் கையாண்ட விதம்

ஆப்பிரிக்காவின் தெற்கில் அண்டை நாடுகளான இரண்டில், ஜாம்பியா 1964இல் விடுதலை பெற்றது, போட்ஸ்வானா 1966இல். இவற்றுள் எது செழிக்கும் என்று அன்று கேட்டிருந்தால் பெரும்பாலோர் ஜாம்பியாவையே சுட்டியிருப்பார்கள். உலகச் சந்தைக்குச் செம்பு வழங்கிய பெரும் சுரங்கங்கள் அதனிடம் இருந்தன. போட்ஸ்வானாவிடம் இருந்தவை மாட்டு மந்தைகளும் கலஹாரி மணற்பரப்பும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தார்ச்சாலையும்தான். இன்று போட்ஸ்வானாவின் தனிநபர் வருமானம் ஜாம்பியாவினுடையதைப் போலப் பல மடங்கு. ஜாம்பியாவின் சுமார் 2 கோடிப் பேருக்கும் போட்ஸ்வானாவின் சுமார் 25 லட்சம் பேருக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது என்பது உண்மையே. ஆனாலும் மக்கள்தொகை மட்டும் இந்த இடைவெளியை விளக்கிவிடாது. நிலத்தடிச் செல்வத்தை எடுக்கத் தனியாரோடு எந்த நிபந்தனையில் கைகோத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜாம்பியா இரண்டு வழிகளை அடுத்தடுத்து முயன்றது. குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா 1969இல் சுரங்கங்களின் 51 விழுக்காட்டுப் பங்கை அரசு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். 1982இல் அவை ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன. சுரங்கம் கிடைத்த பணத்தில் மருத்துவமனையும் பள்ளியும் குடியிருப்பும் நடத்தியது. செம்புப் பகுதியின் முதியவர்கள் அந்த நாட்களை ஏக்கத்தோடு நினைவுகூர்வதில் வியப்பில்லை. ஆனால் 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்தபோது, வரவைச் செலவிட்ட அளவுக்கு இயந்திரங்களிலும் புதிய சுரங்க மட்டங்களிலும் முதலீடு செய்யப்படவில்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 7 லட்சம் டன் எடுத்த நாடு, 2000ஆம் ஆண்டு வாக்கில் இரண்டரை லட்சம் டன்னுக்கு வந்துவிட்டது.

இரண்டாவது வழி விற்பனை. கடன் கொடுத்த நாடுகளும் உலக வங்கியும் நெருக்க, 1997க்கும் 2000க்கும் இடையில் சுரங்கங்கள் துண்டு துண்டாகத் தனியாருக்குப் போயின. விலை அடிமட்டத்தில் கிடந்த நேரத்தில், வேறு வழியற்ற விற்பவராக ஜாம்பியா பேரம் பேசியது. எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையான ராயல்டி வெறும் 0.6 விழுக்காடு, அந்த வரிச் சலுகைகள் 15 முதல் 20 ஆண்டுகள் வரை மாற்றப்படாது என்று ஒப்பந்தங்களே உறுதி தந்தன. சில ஆண்டுகளிலேயே செம்பு விலை மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. அந்த உயர்வில் தன் பங்கைப் பெற 2008இல் அரசு கொண்டுவந்த மிகைலாப வரி, விலை சரிந்ததும் அடுத்த ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது.

தனியார் வரவால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. புதிய முதலீடு வந்தது. கன்சன்ஷி, லும்வானா போன்ற சுரங்கங்கள் எழுந்தன. 2010களில் உற்பத்தி மறுபடியும் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. செம்பு பெருகிய அளவுக்கு அரசின் வருவாய் பெருகாததுதான் பிரச்சினை. 2020 நவம்பரில் அந்த நாடு தன் வெளிநாட்டுக் கடன்பத்திரங்களுக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றது.

இதில் தமிழ் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. நாட்டின் பெரிய சுரங்கங்களுள் ஒன்றான கொங்கோலாவின் 51 விழுக்காட்டுப் பங்கை 2004இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது வேதாந்தா. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையும் அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். அந்தச் சுரங்கப் பகுதியிலுள்ள சிங்கோலா ஊர்மக்கள் தங்கள் நீரும் நிலமும் மாசுபட்டன என்று தொடுத்த வழக்கை, வேதாந்தாவின் தாய் நிறுவனம் பதிவான இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஜாம்பிய அரசு அதே ஆண்டு சுரங்க நிறுவனத்தை மூடிக் கணக்குத் தீர்க்கும் கலைப்பாளரிடம் அதை ஒப்படைத்து, பின்னர் மனம் மாறி அதே நிறுவனத்திடம் திருப்பித் தந்தது. நடுவில் போன ஆண்டுகளின் இழப்பைச் சுமந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களுக்குப் பொருள் வழங்கி நிலுவைக்காகக் காத்திருந்த சிறு ஒப்பந்தக்காரர்களுமே.

போட்ஸ்வானா மூன்றாவது வழியில் போனது. ஒராப்பாவில் வைரம் கண்டறியப்பட்ட 1967ஆம் ஆண்டிலேயே கனிம உரிமை இனக்குழுக்களிடமிருந்து நாட்டுக்கு மாற்றப்பட்டது. ஒராப்பா இருந்த பாமங்வாட்டோ நிலப்பகுதி, முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவுக்கு உரியது. என் பார்வையில், பின்னால் வந்த எல்லா ஒப்பந்தங்களையும்விட இந்த விட்டுக்கொடுப்பே முக்கியமானது. வைர நிறுவனமான டி பீர்ஸோடு 1969இல் அமைந்த கூட்டு நிறுவனத்தில் அரசுக்கு முதலில் 15 விழுக்காடே இருந்தது. படிவு எவ்வளவு வளமானது என்று தெரிந்ததும் மறுபேச்சு நடத்தி, 1975இல் அதைச் சரிபாதியாக்கினார்கள். டெப்ஸ்வானா என்று இன்று அறியப்படும் அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இரு தரப்புக்கும் சம இடம் உண்டு. வரி, ராயல்டி, பங்காதாயம் மூன்றையும் சேர்த்தால் லாபத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குச் சேர்கிறது.

அதைவிட மேலாக நான் மதிப்பது கணக்கறிவை. குழுவில் உட்கார்ந்த அரசு அதிகாரிகளுக்கு எத்தனை காரட் எடுக்கப்பட்டது, என்ன விலைக்குப் போனது என்பது தெரிந்திருந்தது. ஜாம்பியாவின் வரித்துறை, வெளிநாட்டில் இருக்கும் தாய் நிறுவனத்துக்கே விற்கப்பட்ட செம்பின் விலை சரிதானா என்று வெளியிலிருந்து சோதிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கறிவின் பலத்தில்தான் டி பீர்ஸின் கச்சா வைர விற்பனையை 2013இல் லண்டனிலிருந்து போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனேவுக்கு வரவழைக்க முடிந்தது. வைரத்தைப் பட்டை தீட்டும் வேலையில் ஒரு பகுதியும் நாட்டுக்குள் வந்தது.

ஆயினும் இதை அப்படியே ஜாம்பியாவுக்குப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கம் உண்டு. வைர விலையைப் பல பத்தாண்டுகள் டி பீர்ஸே கட்டுப்படுத்தியது; செம்பு விலையை லண்டன் உலோகச் சந்தை தீர்மானிக்கிறது. கூட்டாளியின் கைக்குள் விலை இருந்தபோது பாதிப் பங்கு நிலையான வரவைத் தந்தது. அந்தப் பிடி தளர்ந்து, ஆய்வகத்தில் விளையும் வைரங்கள் சந்தைக்கு வந்தபின் போட்ஸ்வானாவின் வருவாயும் தடுமாறுகிறது. ஏற்றுமதியில் பெரும்பகுதி ஒரே கல்லை நம்பியிருக்கும்போது, எவ்வளவு நல்ல ஒப்பந்தமும் தற்சார்பைத் தந்துவிடாது. விடுதலைக்குப் பின் தொடர்ந்து ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தோற்றதற்கு இந்தச் சரிவும் ஒரு காரணம்.

ஜாம்பியா இப்போது போட்ஸ்வானாவின் வழியை நோக்கி நகர்வதுபோல் தெரிகிறது. 2021இல் தன் கைக்கு வந்த மொப்பானி சுரங்கத்தின் 51 விழுக்காட்டை 2024இல் ஐக்கிய அரபு அமீரக நிறுவனம் ஒன்றுக்கு 110 கோடி டாலர் மதிப்பில் தந்து, 49 விழுக்காட்டை அரசு நிறுவனம் வைத்துக்கொண்டது. இந்த 49ஐ டெப்ஸ்வானாவின் 50க்கு நிகராக நான் எண்ணவில்லை. பெரும்பான்மை மறுபக்கம் இருக்கும்போது, செம்பை யாரிடம் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்டு மறுக்கும் அதிகாரம் அரசின் இயக்குநர்களுக்கு எழுத்தில் இருக்கிறதா என்பதைத்தான் ஜாம்பிய நாடாளுமன்றம் முதலில் கேட்க வேண்டும்.