ஃபயர் சிலிண்டர் ஏ.எம்.சி.: ஸ்டிக்கர் மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி காம்ப்ளக்ஸை நான் மேனேஜராக இருந்து பார்த்துக்கொள்கிறேன். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், எல்லாம் சேலை, ரெடிமேட், லைனிங் துணிக் கடைகள். தீயணைக்கிற ஃபயர் சிலிண்டர்களின் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு, அதாவது ஏ.எம்.சி.க்கு, இந்த வருஷம் ஆளை மாற்றினோம். புதிதாக வந்திருப்பது சிம்மக்கல் பக்கம் இருக்கிற ஒரு சின்னக் கடை, ஓனரும் இரண்டு பையன்களும்தான். மதுரையில் கட்டடம் பார்த்துக்கொள்கிற மற்றவர்களுக்கு உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

பழைய ஆட்கள் வருஷா வருஷம் வருவார்கள், சிலிண்டரைத் துடைப்பார்கள், புதுத் தேதி போட்ட ஸ்டிக்கரை ஒட்டி பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புதுக் கடைக்காரர் வந்த அன்றைக்கு, முதல் மாடியில் மாட்டியிருந்த 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் ஒன்றைப் பிரஷர் இறக்கி என் கண் முன்னாலேயே கழற்றிக் காட்டினார். மீட்டர் முள் அதுவரை பச்சையில்தான் நின்றது. உள்ளே பவுடர் மழையில் நனைந்த கோலமாவு மாதிரி அடியில் கட்டிதட்டிக் கிடந்தது. "பிரஷர் இருக்குண்ணே, அமுக்கினா புஸ்ஸுன்னு காத்து மட்டும்தான் வரும்" என்றார். அந்த சிலிண்டரில் பழைய ஆட்கள் ஒட்டிய ஸ்டிக்கரின் தேதி இன்னும் முடியக்கூட இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. 2020 தீபாவளி அன்று எங்கள் ஏரியாவிலேயே, தெற்கு மாசி வீதிப் பக்கத்தில், ஜவுளிக் கட்டடம் தீப்பிடித்து இடிந்ததில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரை விட்டார்கள். அதைப் பார்த்த கடைத்தெருவில் இப்படி ஒரு சிலிண்டரை மாட்டிவிட்டுப் போக எப்படித்தான் மனசு வருகிறதோ.

அப்புறம் பவுடர் விஷயம். ஏபிசி பவுடரில் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்க வேண்டும், கடையில் 'மேப்' என்று சொல்வார்கள், 50, 90 என்று ரகம் இருக்கிறது. துணி, அட்டைப் பெட்டி மாதிரிப் பொருள் எரியும்போது அந்த மேப்தான் உருகி மேலே படிந்து தணலை மூடுகிறது, அது குறைவாக இருந்தால் அணைந்த மாதிரி தெரிந்து மறுபடியும் பிடிக்கும். இவர் பில்லிலேயே சதவீதத்தை எழுதிக் கொடுத்தார். மெயின் போர்டு பக்கத்தில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு மீட்டரே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். தொங்கு தராசு கொண்டுவந்து தூக்கி நிறுத்தி, சிலிண்டரில் பொறித்திருந்த எடையோடு ஒப்பிட்டுக் காட்டினார். உள்ளே இருக்கிற கேஸ் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில்தான். பழைய ஆட்கள் தராசு கொண்டுவந்து நான் பார்த்ததே இல்லை.

ரீஃபிலுக்கு எடுத்துப் போகும்போது அந்தந்த இடத்தில் மாற்று சிலிண்டர் வைத்துவிட்டுத்தான் போனார்கள். முன்பெல்லாம் மொத்தத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்பி வரும்வரை கட்டடம் வெறுமையாக இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மொட்டை மாடியில் நடத்திய பயிற்சி. ஒரு தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைத்து, சேல்ஸ் பார்க்கிற பெண்களையே சிலிண்டரைப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு அக்கா கைப்பிடியை அமுக்கிக்கொண்டே பின்னை இழுத்தார், பின் அசையவில்லை. அமுக்கினால் பின் இறுகிக்கொள்ளும், முதலில் பிடியை விட்டுவிட்டுப் பின்னைத் திருகி, அதில் மாட்டியிருக்கிற சீல் அறுந்ததும் இழுக்க வேண்டும். இதெல்லாம் கையில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, நெருப்பின் அடிப்பாகத்தைப் பார்த்து அடிக்க வேண்டும், நாக்கு நாக்காக மேலே எழுகிற இடத்தில் இல்லை. மொத்தமாக வருவதே சில விநாடிகள்தான், அதற்குள் அடங்கவில்லை என்றால் விட்டுவிட்டு எல்லாரும் வெளியேறி 101-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

கடைசியில் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார், அதில் அவருக்குப் பத்துப் பைசா லாபம் இல்லாத விஷயங்கள்தான் அதிகம். பின்பக்கப் படிக்கட்டில் வாடகைக் கடைக்காரர்கள் பண்டல் அடுக்கியிருக்கிறார்கள், பின் ஷட்டருக்கு வெளியே பூட்டு, கரண்ட் மீட்டர் பெட்டிக்குக் கீழே காலி அட்டைப் பெட்டிகள். "இதைச் சரி பண்ணாம நான் நூறு சிலிண்டர் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லைண்ணே." அந்த ரிப்போர்ட்டை நகல் எடுத்து ஒவ்வொரு கடைக்கும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். படிக்கட்டு காலியானது. பூட்டை எடுக்க மட்டும் கட்டட ஓனரிடம் ரொம்பப் பேச வேண்டியிருந்தது, திருட்டுப் பயம் அவருக்கு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு போடலாம் என்றதும் சம்மதித்தார்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். தீயணைப்புத் துறை உரிமம் தேவைப்படுகிற கட்டடத்துக்கு 1985-ஆம் வருஷத் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டப்படி அதை எடுக்க வேண்டியது நம் பக்கம்தான், ஏ.எம்.சி. எடுத்தவர் வந்து எடுத்துக் கொடுக்கமாட்டார். இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆம் பிரிவின்படி கவனக்குறைவால் உயிர் போனால் 5 வருஷம் வரை சிறை. 287-ஆம் பிரிவுக்கு உயிர் போகவே வேண்டாம், தீ விஷயத்தில் ஆளுக்கு ஆபத்து வருகிற மாதிரி அஜாக்கிரதையாக இருந்தாலே 6 மாதம் வரை போகும். படிக்கட்டில் சரக்கு இருந்தது தெரியுமா, எழுத்தில் என்ன கொடுத்தாய் என்றுதான் நம்மைக் கேட்பார்கள். அதற்காகவே இந்த ரிப்போர்ட் எனக்குத் தங்கம்.

குறைகளும் உண்டு. பழைய ஆட்களைவிட ரேட் நன்றாகவே கூட. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கமாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வருவதும் கஷ்டம், இரண்டே பையன்கள், தீபாவளி நெருங்கினால் டேட் கிடைப்பது பெரும்பாடு. ஆடித் தள்ளுபடி முடிந்ததுமே சொல்லிவைத்துவிடுங்கள், புரட்டாசியில் சரக்கு வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால் படிக்கட்டைக் காலி பண்ணச் சொல்லி எந்தக் கடைக்காரரிடமும் பேச முடியாது.