யாழ். நகரில் சொகுசுத் தொடர்மாடி: வாடகைக்கு இருந்து பார்த்ததில்

யாழ்ப்பாண நகரில் சொகுசுத் தொடர்மாடி வீடொன்றை வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள், உள்ளே போய் உடற்பயிற்சிக் கூடத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். சாதாரண மாதமொன்றில், இரவு எட்டு மணிக்கு, எதிர்ப்பக்க வீதியோரம் நின்று எத்தனை யன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் வாடகையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு கட்டடம் பாருங்கள். காரணம் கீழே வரும்.

எங்கள் வீடு ஆஸ்பத்திரி வீதிக்கும் ஸ்ரான்லி வீதிக்கும் இடைப்பட்ட பகுதியில், நான்காம் மாடியில். கணவருக்குப் போதனா வைத்தியசாலையில் வேலை. இரவில் அழைப்பு வந்தால் நடந்தே போய்விடுவார். மாமிக்கு மாதா மாதம் கிளினிக். பஸ் நிலையம், சந்தை, கஸ்தூரியார் வீதிக் கடைகள், பொது நூலகம் எல்லாம் கிட்டவே இருக்கின்றன. பின்னேரம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போவதற்கு வாகனம் எடுக்கவேண்டியதில்லை. இடத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதே பரப்பளவில், நகருக்கு வெளியே கோண்டாவிலில் தனி வீடு பாதி வாடகைக்குக் கிடைக்கும், அதுவும் கிணறும் மாமரமுமாக. அந்த வித்தியாசத்தை நாங்கள் இடத்துக்காகவே கொடுக்கிறோம்.

சத்தம் இருக்கிறது. விடியற்காலையில் கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, தேவாலய மணி, அதற்குப் பின்னால் பாண் ஆட்டோவின் சங்கீதம். அம்புலன்ஸ் நேரம் பார்ப்பதில்லை. 2014 ஒக்டோபரில் ரயில் திரும்பி வந்ததிலிருந்து ஹோர்னும் சேர்ந்துகொண்டது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஊரே நகருக்குள்தான். சத்தம் ஒத்துக்கொள்ளாதவர் நகர மையத்தில் வீடு பார்க்கவே கூடாது. எனக்குப் பழகிவிட்டது, மாமிக்கு அது பொழுதுபோக்கு.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வீடு காட்ட வருபவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். குடாநாட்டுக்கு ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கியாற்றை விட்டால் எல்லாமே சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர். இத்தாலியக் குழாய் பூட்டினாலும் அதிலிருந்து வருவது அதே சவர்த்தண்ணீர்தான். சவர்க்காரம் நுரைக்காது. ஷவர்த் தலையின் துளைகள் சில வாரங்களிலேயே வெள்ளை படிந்து அடைத்துவிடும், கழற்றி வினாகிரியில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். கேத்தலின் அடியிலும் அதே கதை. சுடுநீர் ஹீட்டரின் சுருள் இதனாலேயே செத்தது. அதை மாற்றுவது வாடகைக்காரரா வீட்டுக்காரரா என்று ஒப்பந்தத்தில் ஒரு சொல்கூட இல்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வடிகட்டிய தண்ணீருக்குத் தனிக் குழாய் இருக்கிறது. அதன் வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள், திகதியோடு பதில் வரவேண்டும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. என்றாலும் எங்கள் கட்டடத்தில் இன்னும் குழாய்க் கிணறுதான் பிரதானம், கோடையில் அதன் நீர்மட்டம் இறங்கினால் பவுசர் லொறியில் தண்ணீர் வரும்.

மின்சாரத்தில் இரண்டு விடயம். வீட்டு மீற்றரில் மாதம் 180 அலகைத் தாண்டினால் கட்டணம் உச்சப் படிக்கு ஏறிவிடும். மூன்று அறையிலும் ஏசி பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்றையும் போட்டால் பில்லைப் பார்க்கத் தனித் துணிச்சல் வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்கப் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டால் ஏசி தேவையே இல்லை, ஆனால் தூசு தட்டியே கை ஓய்ந்துவிடும். வீடு தெரிவு செய்யும்போது திசையைக் கவனியுங்கள். இரண்டாவது, மின்பிறப்பாக்கி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது என்று சொல்லி நாடு முழுவதும் மின்சாரம் போனதே, அன்றைக்குத்தான் எங்கள் கட்டடத்தின் பெருமைக்குரிய மின்பிறப்பாக்கியின் வண்டவாளம் தெரிந்தது. சிறிது நேரம் உறுமியது, பிறகு நின்றுவிட்டது. கீழே போய்க் கேட்டால், "டீசலுக்குக் காசு சேரவில்லை, அக்கா" என்றார் காவலாளித் தம்பி.

யன்னல் எண்ணச் சொன்னது இதற்குத்தான். எங்கள் கட்டடத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களுடையவை. வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கும் மார்கழி விடுமுறைக்கும் வருவார்கள். அப்போது லிப்டில் இடம் கிடையாது, மற்ற மாதங்களில் நடைபாதையில் ஆளரவம் கிடையாது. இங்கே இல்லாதவருக்கு லிப்டின் தேவையும் இல்லை, டீசலின் தேவையும் இல்லை. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஊருக்கு வரும்போது மொத்தமாகத் தரலாம் என்றிருப்பார்கள். பணம் இருக்கிறவர்கள் வசிக்கும் கட்டடம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். பணம் இருக்கிறதுதான், வசிப்பதுதான் இல்லை.

2024 நவம்பர் கடைசியில் புயலோடு கொட்டிய மழையில் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் கணுக்காலளவு தண்ணீர். அது லிப்ட் குழிக்குள் இறங்கிவிட்டது. தண்ணீரை இறைத்த பிறகும் திருத்துவதற்கான செலவைப் பங்கிட ஆள் தேடி, லிப்ட் வாரக்கணக்கில் நின்றது. மாமி மாடிக்கு மாடி கதிரை போட்டு இருந்து இருந்துதான் ஏறினார். இரண்டாம் மாடிக்கு மேல் எடுக்காதீர்கள் என்று முதியவர்களை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

குசினி அழகானது, ஆனால் யாழ்ப்பாணச் சமையல் தெரிந்தவர் யாரும் அதைத் திட்டமிடவில்லை. விறாந்தையும் குசினியும் ஒன்றாகத் திறந்து கிடக்கின்றன. மாமி தூள் இடிப்பதற்காகச் செத்தல் மிளகாயை வறுத்தார். மல்லி வரைக்கும் வாசம்தான், மிளகாய் கருகத் தொடங்கியதும் கூரையிலிருந்த புகை உணரி அலறியது. காவலாளி தீயணைப்பு உருளையோடு நான்கு மாடியும் ஓடி ஏறி வந்து, வாசலில் நின்று தும்மு தும்மென்று தும்மினார். மாமி அகப்பையை விடாமலே, "தம்பி, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்றார். இப்போது தூள் ஊரில் வறுபட்டு, போத்தலில் வருகிறது. மீன் பொரித்தால் மெத்தைக் கதிரைகள் இரண்டு நாள் மணக்கும்.

மோர்மிளகாய், வடகம் காயவைக்க மொட்டைமாடி உண்டே என்று போனால் பூட்டு. திறப்பு நிர்வாகத்திடம். தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கூரை, படிக்கட்டு, லிப்ட் போன்றவை வீட்டு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொது. அவற்றை நிர்வகிப்பது உரிமையாளர்கள் அடங்கிய முகாமைக் கூட்டுத்தாபனம். வாடகைக்காரர் அதில் உறுப்பினர் அல்ல. எங்கள் வீட்டுக்காரர் இருப்பது ரொறன்ரோவில். கூட்டத்துக்கு அவர் சார்பில் போக எழுத்தில் அதிகாரம் கேட்டு வாங்கினோம். அதன் பிறகுதான் நிர்வாகத்திடமிருந்து பதில் வரத் தொடங்கியது, கிழமைக்கு இரண்டு நாள் மொட்டைமாடித் திறப்பும் கிடைத்தது. இதை முதல் மாதமே செய்துகொள்வது நல்லது.

ஒப்பந்தம் பற்றி: வெளிநாட்டு வீட்டுக்காரர்கள் டொலரில் பேசுவார்கள். ரூபாயில் எழுதுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் பாய்ந்ததை மறக்கவேண்டாம். முற்பணம் எத்தனை மாதம், எந்தக் கழிவுகளோடு எத்தனை நாளுக்குள் திரும்பும் என்பதை நொத்தாரிசிடம் சொல்லித் தெளிவாக எழுதுவியுங்கள். பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடக்கமா இல்லையா என்பதையும் சேர்க்கவேண்டும், வாய்ப்பேச்சில் எல்லாமே அடக்கமாகத்தான் இருக்கும். நீச்சல் தடாகத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்கலாம். அது நீலமாக இருக்கிறது, சில மாதங்களில் பச்சையாக.

நாங்கள் இன்னொரு தவணைக்குப் புதுப்பித்திருக்கிறோம், வைத்தியசாலை அருகில் என்ற ஒரே காரணத்துக்காக. லிப்ட் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் வாடகையில் கழிவு, ஹீட்டரும் ஏசியும் பழுதானால் வீட்டுக்காரர் பொறுப்பு என்று இம்முறை இரண்டு வரி கூடியிருக்கிறது. வீட்டுக்காரர் பத்து வீத உயர்வு கேட்டார். ஐந்துக்குச் சம்மதித்தோம், புது ஹீட்டர் பூட்டிய பிறகு கையெழுத்து என்ற நிபந்தனையோடு.